குறைமாதக் குழந்தையின் கண்ணும் கொழுப்பு அமிலங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்ஐசியு எனப்படும் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருக்கும் பெற்றோருக்கும், அங்கே புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் செவிலியருக்கும் இந்தப் பக்கம் பயன்படும். கீழே வரும் அளவுகள் ஒரு நாளைக்கு, குழந்தையின் ஒரு கிலோ எடைக்கு உரியவை. வேறாக இருந்தால் அந்த இடத்திலேயே சொல்லியிருக்கிறோம்.

குறைமாதத்தில் பிறந்தால் கண்ணுக்கு என்ன ஆபத்து?

கரு 16 வாரத்தை எட்டும்போது பார்வை நரம்பின் அடியிலிருந்து ரத்தக் குழாய்கள் புறப்பட்டு விழித்திரையின் ஓரத்தை நோக்கிப் படரத் தொடங்கும். மூக்குப் பக்க ஓரத்தை அவை எட்ட 36 வாரம் ஆகும். காதுப் பக்க ஓரத்தை எட்ட ஏறக்குறைய 40 வாரம். 25 வாரத்தில் பிறந்துவிட்ட குழந்தைக்கு விழித்திரையின் வெளிவட்டம் முழுக்க இன்னும் குழாயே போய்ச் சேராத வெற்றுப் பரப்பு.

பிறந்த பிறகு சிக்கல் இரண்டு கட்டமாக வருகிறது. முதல் கட்டத்தில் குழாய் வளர்ச்சி நின்றுபோகும். கருப்பைக்குள் இருந்ததைவிட வெளியே ஆக்சிஜன் அதிகம். ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியின் அளவும் நச்சுக்கொடி பிரிந்ததும் சரிந்துவிடும். இரண்டாம் கட்டம் கர்ப்பக் கணக்கில் 32 வாரம் வாக்கில் தொடங்குகிறது. விழித்திரை வளர வளர அதன் ஆக்சிஜன் தேவையும் கூடும்; குழாய் இல்லாத பரப்பு மூச்சுத்திணறி விஇஜிஎஃப் என்ற காரணியை ஏராளமாகச் சுரக்கும். அதன் தூண்டுதலில் தாறுமாறாக முளைக்கும் புதுக் குழாய்கள் கசியும், தழும்பாகும், கடைசியில் விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடும். இதுதான் ஆர்ஓபி எனப்படும் குறைமாதக் குழந்தைகளின் விழித்திரை நோய். பாஸ்டனில் தியடோர் டெரி என்ற கண் மருத்துவர் 1942-இல் இதை முதன்முதலில் விவரித்தார்.

உணவு தலையிடக்கூடியது முதல் கட்டத்தில்தான். கண் மருத்துவர் முதன்முறை பார்ப்பதற்கு முன்பே அந்தக் கட்டம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அதனால் ஊட்டத்தைப் பற்றிய முடிவுகளைப் பிறந்த முதல் மூன்று நாட்களிலேயே எடுத்தாக வேண்டும்.

கொழுப்பு அமிலங்களுக்கு இதில் என்ன வேலை?

இரண்டு பெயர்களை நினைவில் வையுங்கள். ஒன்று டிஎச்ஏ, ஒமேகா-3 வகை. மற்றொன்று ஏஆர்ஏ, அதாவது அராகிடோனிக் அமிலம், ஒமேகா-6 வகை.

ஒளியை உணரும் செல்களின் வெளிப்பகுதி, தட்டுகளை அடுக்கி வைத்ததுபோல் சவ்வுகளால் ஆனது. அந்தச் சவ்வின் கொழுப்பு அமிலங்களில் ஏறக்குறைய பாதி டிஎச்ஏ. உடலில் வேறெங்கும் இவ்வளவு அடர்த்தியாக அது இருப்பதில்லை. ஒளி பட்டதும் ரொடாப்சின் என்ற நிறமிப் புரதம் விரைவாக உருமாறுவதற்கு இந்த நெகிழ்வான சவ்வு தேவை. ஏஆர்ஏ ரத்தக் குழாய்களின் உள்சுவர்ச் செல்களில் மிகுதியாக உள்ளது. குழாய் வளர்ச்சியையும் அழற்சியையும் நெறிப்படுத்தும் புரோஸ்டாகிளாண்டின்கள் போன்ற பொருட்கள் அதிலிருந்துதான் உண்டாகின்றன. ஆர்ஓபி ரத்தக் குழாய்களின் நோய் என்பதால் ஏஆர்ஏவை ஓரங்கட்டக் கூடாது. பல ஆண்டுகள் அப்படித்தான் ஓரங்கட்டப்பட்டது.

வயிற்றுக்குள் கிடைத்த அளவு தாய்ப்பாலில் கிடைக்காதா?

கிடைக்காது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் நச்சுக்கொடி வழியாகக் கருவின் உடலில் சேரும் டிஎச்ஏ, நாளுக்குக் கிலோவுக்குச் சுமார் 45 மில்லிகிராம். ஏஆர்ஏ சுமார் 200 மில்லிகிராம். 1 கிலோ எடையுள்ள குழந்தை 160 மில்லி தாய்ப்பால் குடிக்கிறது என்று வையுங்கள். 100 மில்லியில் 3.8 கிராம் கொழுப்பு என்றால் மொத்தம் 6 கிராம். உலகின் பல பகுதித் தாய்ப்பால்களைச் சேர்த்துப் பார்த்தால் கொழுப்பு அமிலங்களில் டிஎச்ஏ சராசரி 0.3 சதவீதம், ஏஆர்ஏ 0.5 சதவீதம் வாக்கில் இருக்கும். ஆக, குழந்தைக்குக் கிடைப்பது 18 மில்லிகிராம் டிஎச்ஏ, 30 மில்லிகிராம் ஏஆர்ஏ. குடல் உறிஞ்சாமல் விடுவதைக் கழித்தால் இன்னும் குறையும்.

அதுவும் முழு அளவுப் பாலை எட்டிய பிறகு வரும் கணக்கு. முதல் நாட்களில் குழந்தை குடிப்பது 10 முதல் 20 மில்லிதான். அந்த இடைவெளியில் ரத்தத்தில் இரண்டு அமிலங்களும் மளமளவென்று சரிகின்றன.

இதைப் படித்துவிட்டு எந்தத் தாயும் தன் பால் குறையுள்ளது என்று நினைக்க வேண்டாம். நிறைமாதக் குழந்தைக்காக அமைந்த உணவு, மூன்று மாதம் முன்பே வந்துவிட்ட குழந்தைக்குப் போதவில்லை, அவ்வளவுதான். குடல் அழுகல் நோயிலிருந்தும் தொற்றிலிருந்தும் காப்பதில் தாய்ப்பாலுக்கு ஈடு இல்லை. அதோடு சேர்த்துக் கொடுக்க வேண்டியவற்றைத்தான் இங்கே பேசுகிறோம்.

குழந்தையின் உடலே இவற்றைத் தயாரித்துக்கொள்ளாதா?

தயாரிக்கும், தேவைக்குப் போதாது. லினோலெயிக் அமிலத்திலிருந்து ஏஆர்ஏவும், ஆல்ஃபா லினோலெனிக் அமிலத்திலிருந்து டிஎச்ஏவும் உருவாகும். இரண்டுக்கும் ஒரே நொதிகள்தான். சோயா எண்ணெய்போல் லினோலெயிக் அமிலம் நிறைந்த கொழுப்பு அளவுக்கு மீறிப் போனால் அந்த நொதிகளை அதுவே பிடித்துக்கொள்ளும்.

டிஎச்ஏ மட்டும் கொடுத்தால் என்ன?

இந்தத் துறை நீண்ட காலம் தடம் மாறிய இடம் இது.

1990-களின் தொடக்கத்தில் குறைமாதக் குழந்தைகளுக்கு மீன் எண்ணெய் சேர்த்த பால் கொடுத்துப் பார்த்தார்கள். விழித்திரையின் மின் அலைகளும் பார்வைக் கூர்மையும் மேம்பட்டன. ஆனால், அந்த மீன் எண்ணெயில் இபிஏ என்ற இன்னொரு ஒமேகா-3 அமிலம் அதிகம். அது ஏஆர்ஏவைக் கீழே தள்ளியது, சில ஆய்வுகளில் குழந்தைகளின் வளர்ச்சியும் பின்தங்கியது. ஏஆர்ஏவைத் தொடாமல் டிஎச்ஏவை மட்டும் உயர்த்துவதன் விலை அப்போதே தெரிந்தது.

பிறகு வந்த என்3ஆர்ஓ என்ற பெரிய ஆய்வில், 29 வாரத்துக்கு முன் பிறந்த 1,273 குழந்தைகளுக்கு 60 மில்லிகிராம் டிஎச்ஏ மட்டும் தரும் எண்ணெயோ, டிஎச்ஏ இல்லாத எண்ணெயோ கொடுக்கப்பட்டது. நுரையீரலைக் காக்கும் என்ற எதிர்பார்ப்பில் செய்த ஆய்வு. 2017-இல் முடிவு வந்தபோது, நாள்பட்ட நுரையீரல் நோய் டிஎச்ஏ பெற்றவர்களில் 49.1 சதவீதம், பெறாதவர்களில் 43.9 சதவீதம். பலன் இல்லாததோடு நுரையீரல் பற்றிய கவலையும் சேர்ந்துகொண்டது. அதே குழந்தைகளை 5 வயதில் சோதித்தபோது, டிஎச்ஏ பெற்றவர்களின் சராசரி அறிவுத்திறன் எண் சுமார் 3.5 புள்ளி கூடுதலாக இருந்தது. ஒரே பொருள் ஓர் உறுப்புக்கு உதவலாம், இன்னொன்றுக்கு உதவாமல் போகலாம். மருத்துவர்கள் எடைபோட்டுப் பேசுவதற்கு இதுவே காரணம்.

கண்ணைப் பொறுத்தவரை திருப்பம் ஸ்வீடனிலிருந்து வந்தது. முதலில் அங்கே மீன் எண்ணெய் கலந்த நரம்புவழிக் கொழுப்பை ஆலிவ் எண்ணெய் வகையோடு ஒப்பிட்டார்கள். ஆர்ஓபி குறையவில்லை. ஆனால், முதல் மாதத்தில் யாருக்கு ஏஆர்ஏ குறைவாக இருந்ததோ அவர்களுக்கே நோய் அதிகம் வந்திருந்தது. அடுத்த ஆய்வில் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தார்கள்: 100 மில்லிகிராம் ஏஆர்ஏ, 50 மில்லிகிராம் டிஎச்ஏ. 28 வாரத்துக்கு முன் பிறந்த 206 குழந்தைகள், பிறந்த மூன்று நாளுக்குள் தொடக்கம், கர்ப்பக் கணக்கில் 40 வாரம் நிறையும்வரை. 2021-இல் வெளியான முடிவின்படி, கடுமையான ஆர்ஓபி எண்ணெய் பெற்ற 101 பேரில் 16 பேருக்கு வந்தது, பெறாத 105 பேரில் 35 பேருக்கு. சதவீதத்தில் 15.8-உம் 33.3-உம்.

பாதியாகக் குறைந்தது என்பது பெரிய செய்தி. ஆனால், 206 குழந்தைகள் என்பது சிறிய எண்ணிக்கை, மூன்றே மருத்துவமனைகள், ஆக்சிஜன் கண்காணிப்பும் செவிலியர் கவனிப்பும் மிக உயர்ந்த தரத்தில் உள்ள இடங்கள். எண்ணெய் பெற்றும் கடுமையான நோய் வந்த 16 குழந்தைகளையும் மறக்கக் கூடாது. அபாயத்தைக் குறைக்கிறது, நீக்கிவிடவில்லை.

அப்படியானால் எவ்வளவு கொடுப்பது?

ஐரோப்பியக் குழந்தைகள் ஊட்டச்சத்துச் சங்கமான எஸ்பிகானின் இப்போதைய பரிந்துரை: டிஎச்ஏ 30 முதல் 65 மில்லிகிராம், ஏஆர்ஏ 30 முதல் 100 மில்லிகிராம், இபிஏ 20 மில்லிகிராமுக்குள். 2010-இல் அதே சங்கம் சொன்ன டிஎச்ஏ அளவு 12 முதல் 30 மில்லிகிராம்தான். டிஎச்ஏ ஏறும்போது ஏஆர்ஏவும் கூடவே ஏற வேண்டும்.

இந்த அளவு ‘பாலிலிருந்தும் எண்ணெயிலிருந்தும் சேர்ந்து’ என்று படிக்கப்பட வேண்டியது. ஸ்வீடன் அளவோ, பாலில் இருப்பதற்கு மேலாகக் கொடுத்தது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு பாலில் உள்ளதைக் கழிக்காமலோ, இரண்டு முறை கழித்தோ எழுதிவிடுவது எளிதில் நேரும் தவறு. எடை கூடும்போது அளவை மாற்ற மறப்பது அதைவிட எளிது. 800 கிராமில் தொடங்கிய குழந்தை 1,600 கிராமை எட்டும்போது பழைய அளவே ஓடினால் பாதிதான் கிடைக்கும். வாரம் இரண்டு முறையாவது எடையைப் பார்த்துத் திருத்துங்கள்.

பால் குடிக்கும்வரை நரம்பு வழியாகத் தரும் கொழுப்பில் இவை இருக்காதா?

தயாரிப்பைப் பொறுத்தது. சோயா எண்ணெய் மட்டும் உள்ளதிலும் ஆலிவ், சோயா கலந்ததிலும் டிஎச்ஏ, ஏஆர்ஏ இரண்டும் இல்லை என்றே கொள்ளலாம். நான்கு எண்ணெய்க் கலவையில் 30 சதவீதம் சோயா, 30 சதவீதம் நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு, 25 சதவீதம் ஆலிவ், 15 சதவீதம் மீன் எண்ணெய். அதில் டிஎச்ஏ உண்டு, இபிஏவும் நிறைய உண்டு, ஏஆர்ஏ மிகச் சொற்பம். நாட்கணக்கில் அது ஓடினால் ரத்தத்தில் ஏஆர்ஏ குறையும். கல்லீரலுக்கு நல்லது என்று அதைத் தேர்ந்தெடுக்கும் பிரிவுகள், வாய்வழி ஏஆர்ஏவைப் பற்றியும் சேர்த்து யோசிப்பது அவசியம்.

எந்தத் தயாரிப்பானாலும் தாமதம் கூடாது. முதல் நாளே, பிந்தினால் இரண்டாம் நாளுக்குள் தொடங்கி, 4 கிராமுக்கு மேல் போகாமல், 24 மணி நேரமும் சீராக ஓடவிட வேண்டும். 20 சதவீதக் கரைசலே ஏற்றது. கொழுப்பு முற்றிலும் இல்லாமல் விட்டால் சில நாட்களிலேயே அத்தியாவசியக் கொழுப்பு அமிலக் குறைபாடு தலைகாட்டும். பையும் குழாயும் வெளிச்சம் படாமல் மூடியிருக்கட்டும். ஒளி பட்டால் கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து, குழந்தையின் திசுக்களைத் தாக்கும் பெராக்சைடுகள் உருவாகும். ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு 100 மில்லிக்கு 265 மில்லிகிராமைத் தாண்டினால் அளவைக் குறைப்பது பற்றி யோசிக்க வேண்டும். முழுதாக நிறுத்திவிட்டு மறந்துபோவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை.

குழாய் வழியாகப் பால் கொடுக்கும்போது கொழுப்பு வீணாகிறது என்கிறார்களே?

உண்மைதான். கறந்து வைத்த பாலில் கொழுப்பு மேலே மிதக்கும், பிளாஸ்டிக்கில் ஒட்டும். பம்ப் வைத்து மணிக்கணக்கில் சொட்டவிட்டால் சிரிஞ்சிலும் நீளமான குழாயிலும் கொழுப்பு படிந்துவிடும். அட்டவணையில் 160 மில்லி என்று எழுதியிருக்கும். குழந்தைக்குப் போயிருப்பதோ கொழுப்பு நீங்கிய பால். எடை ஏறவில்லை, பாலில் சத்துப்பொடியைக் கூட்டு என்று அடுத்த உத்தரவு வரும். தொலைந்தது எங்கே என்று யாரும் தேடமாட்டார்கள்.

செய்யக்கூடியவை: குழந்தை தாங்குமானால் தொடர்ச் சொட்டுக்குப் பதில் 2 அல்லது 3 மணிக்கு ஒருமுறை சிறிது சிறிதாகக் கொடுங்கள். புட்டியை மெதுவாகச் சுழற்றிக் கலக்கிய பிறகே சிரிஞ்சில் எடுங்கள். வேகமாகக் குலுக்க வேண்டாம். பம்ப்தான் வழி என்றால் சிரிஞ்சின் முனை மேல்நோக்கி இருக்கும்படி சாய்த்து வையுங்கள், மிதக்கும் கொழுப்பு முதலில் வெளியேறும். குழாய் முடிந்தவரை குட்டையாக இருக்கட்டும்.

டிஎச்ஏ, ஏஆர்ஏ எண்ணெயைப் பால் சிரிஞ்சில் ஊற்றிக் கலக்காதீர்கள். ஒரு கிலோ குழந்தைக்கு அதன் மொத்த அளவே அரை மில்லிக்கும் குறைவு. பாலில் கலந்தால் மேலே மிதந்து சிரிஞ்சின் சுவரிலேயே நின்றுவிடும். சிறிய வாய்வழிச் சிரிஞ்சில் தனியாக எடுத்து, வயிற்றுக் குழாயின் வாய் அருகே செலுத்தி, உடனே அதன் பின்னால் பாலை விடுவது சரியான முறை. புட்டியைத் திறந்த தேதியை எழுதி, மூடி இறுக்கி, தயாரிப்பாளர் சொன்ன குளிரில், இருட்டில் வையுங்கள். கெட்டுப்போன மீன் வாடையோ பெயின்ட் வாடையோ அடித்தால் எண்ணெய் ஆக்சிஜனேற்றம் அடைந்துவிட்டது, கொட்டிவிடுங்கள்.

தானப் பால் கொடுத்தால்?

பதப்படுத்தும்போது 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்குகிறார்கள். டிஎச்ஏவும் ஏஆர்ஏவும் அதில் பெரிதாக அழிவதில்லை. ஆனால், கொழுப்பைச் செரிக்க உதவும் தாய்ப்பாலின் சொந்த லைபேஸ் நொதி செயலிழந்துவிடும். குறைமாதக் குழந்தையின் கணையமோ இன்னும் முதிராதது. அதனால் அதே கொழுப்பில் குறைவான பங்கே உடலில் சேரும். சொந்தத் தாயின் பால் கிடைக்குமானால், பச்சையாகக் கொடுக்க வழியிருக்குமானால், அதற்கே முதலிடம்.

தாய் மீன் சாப்பிட்டால் பாலில் ஏறுமா?

டிஎச்ஏ ஏறும். 2009-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், தாய்மார்கள் நாளுக்கு 900 மில்லிகிராம் டிஎச்ஏ தரும் டூனா எண்ணெய் கேப்சூல்களை எடுத்துப் பால் கொழுப்பில் டிஎச்ஏவை 1 சதவீதம் வாக்கில் உயர்த்தினார்கள். மேலே போட்ட கணக்கில் 18 மில்லிகிராம் சுமார் 60 ஆகிவிடும். ஏஆர்ஏ அப்படி ஏறாது. தாய் என்ன சாப்பிட்டாலும் அது ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். இரண்டுக்கும் உள்ள சமநிலை இதனால் குலையக்கூடும். தாய்க்கு 1.2 கிராம் டிஎச்ஏ கொடுத்துக் குழந்தையின் நுரையீரலைக் காக்க முயன்ற கனடா ஆய்வு, பலன் இல்லை, தீங்கு இருக்கலாம் என்ற ஐயத்தில் பாதியில் நிறுத்தப்பட்டது.

பால் கொடுக்கும் தாய்க்கு நாளுக்கு 200 மில்லிகிராம் டிஎச்ஏ என்பது பொதுவான இலக்கு. பாதரசம் குறைவான கொழுப்பு மீன் வாரம் ஓரிரு முறை சாப்பிட்டால் எட்டிவிடலாம். சைவர்களுக்குப் பாசி எண்ணெய் உண்டு. ஆளி விதையும் வால்நட்டும் நல்ல உணவுதான், ஆனால் அவற்றால் பாலில் டிஎச்ஏ கூடுவது மிக அற்பம். அதிக அளவு கேப்சூல்களை மருத்துவரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

மீன் எண்ணெய் கேப்சூலைக் குத்திக் குழந்தையின் வாயில் விடலாமா?

வேண்டாம், ஒரு துளிகூட வேண்டாம். சாதாரண 1,000 மில்லிகிராம் கேப்சூலில் பெரும்பாலும் 180 மில்லிகிராம் இபிஏ, 120 மில்லிகிராம் டிஎச்ஏ இருக்கும், ஏஆர்ஏ இருக்காது. தேவைக்கு நேர் எதிரான விகிதம். காட் மீனின் ஈரல் எண்ணெயாக இருந்தால் வைட்டமின் ஏ, டி அளவு மீறும். எல்லாவற்றையும்விட, விழுங்கத் தெரியாத குழந்தையின் மூச்சுக்குழாயில் எண்ணெய் இறங்கினால் வரும் நிமோனியா எளிதில் தீராது.

வைட்டமின் ஈ, லூட்டீன்?

அதிக அளவு வைட்டமின் ஈ கொடுத்த ஆய்வுகளில் கடுமையான ஆர்ஓபி குறைந்தது, ரத்தத் தொற்று கூடியது. அதனால் வழக்கமான ஊட்ட அளவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். லூட்டீன் என்ற நிறமிச் சத்து ஆர்ஓபியைத் தடுப்பதாகச் சோதனைகளில் தெரியவில்லை.

எண்ணெய் கொடுக்கிறோம். கண் பரிசோதனையைத் தள்ளிப்போடலாமா?

ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். முதல் பரிசோதனை பொதுவாகப் பிறந்து 4 வாரம் வாக்கில். எந்த எடைக்கும் வாரத்துக்கும் கீழே பார்க்க வேண்டும் என்ற வரம்பு நாட்டுக்கு நாடு மாறும். வீட்டுக்கு அனுப்பும் காகிதத்தில் அந்தத் தேதி இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள். மற்றொரு மருத்துவமனைக்கு மாற்றும்போதுதான் இந்தத் தேதி அடிக்கடி நழுவுகிறது.

கண்பாவையை விரிக்கும் சொட்டு மருந்துக்குப் பிறகு சில குழந்தைகளுக்கு வயிறு உப்பும், மூச்சு நிற்கும், இதயத் துடிப்பு குறையும். எனவே பரிசோதனைக்குச் சற்று முன் பால் கொடுப்பதைத் தவிர்த்து, பிறகு சில மணி நேரம் கவனித்துப் பாருங்கள். கண்ணோரம் வழியும் மருந்தைத் துடைத்துவிடுங்கள், அது தோல் வழியாகவும் உடலுக்குள் போகும்.

சிகிச்சை தேவை என்று மருத்துவர் சொன்னால் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் லேசரோ கண்ணுக்குள் ஊசியோ நடந்தாக வேண்டும். ‘எண்ணெய் வேலை செய்யட்டும், ஒரு வாரம் பார்ப்போம்’ என்பதற்கு இடமே இல்லை. முற்றிவிட்ட ஆர்ஓபியை எந்தக் கொழுப்பு அமிலமும் திருப்பாது. ஊசி போட்ட கண்ணில் சில மாதம் கழித்தும் நோய் திரும்பலாம் என்பதால் அங்கே பின்தொடர்தல் இன்னும் நீளும்.

ஆக்சிஜன் கவனமும் அப்படியே தொடர வேண்டும். ரத்தத்தின் ஆக்சிஜன் செறிவை 85 முதல் 89 சதவீதத்தில் வைத்த ஆய்வுகளில் ஆர்ஓபி குறைந்தாலும் இறப்பு கூடியது. அதனால்தான் பல பிரிவுகள் 90-க்கும் 95-க்கும் நடுவே வைக்கின்றன. அந்த வரம்புக்குள் ஏற்ற இறக்கம் இல்லாமல் பிடித்து நிறுத்துவது எந்த எண்ணெயையும்விடக் கடினமான, முக்கியமான வேலை.

வீட்டுக்கு வந்த பிறகு எதுவரை?

ஸ்வீடன் ஆய்வில் எண்ணெய் கர்ப்பக் கணக்கில் 40 வாரம்வரை கொடுக்கப்பட்டது. அதன் பிறகு தாய்ப்பாலே போதும் என்று பெரும்பாலான பிரிவுகள் நிறுத்திவிடும். பால் பவுடர் தேவைப்பட்டால் டிஎச்ஏ, ஏஆர்ஏ இரண்டும் சேர்ந்ததா என்று டப்பாவின் பின்புறம் பாருங்கள்; டிஎச்ஏ மட்டும் இருந்து ஏஆர்ஏ இல்லாத பவுடர்களும் விற்பனைக்கு வருகின்றன.

ரத்தக் குழாய்கள் ஓரம்வரை எட்டிவிட்டன என்று கண் மருத்துவர் எழுதித் தரும்வரை ஆர்ஓபி பரிசோதனை முடிந்ததாகக் கொள்ளாதீர்கள். அதற்குப் பிறகும் கிட்டப்பார்வை, மாறுகண், சோம்பேறிக் கண் ஆகியவை இந்தக் குழந்தைகளுக்கு அதிகம். பள்ளி சேரும்வரை ஆண்டுதோறும் கண்ணைக் காட்டுங்கள். குழந்தை முகத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை, வெளிச்சத்தைத் தொடரவில்லை, கண்பாவையில் வெண்மை தெரிகிறது என்றால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே கிளம்புங்கள்.